தீட்டு

பழைய நூலொன்றைத் தேடிச் சென்றவன் பழைய கத்தியொன்றோடு வீடு திரும்பினேன். தமிழ் படிப்பிப்பவனுக்குக் கத்தி எதற்கு என்று என் தாயார் கேட்டார். அன்று அவருக்கு விடை சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையே அவ்விடை எனக் கொள்க.

சென்ற மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாண நகரிலே பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றினுள் நுழைந்தேன். இத்தகைய கடைகளுக்கு வரும் மரப்பெட்டிகளிலே அரிதாகிவிட்ட ஒரு நிகண்டோ உரைநூலோ சிலவேளை அகப்படுவதுண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தபோது திறந்தபடி கிடந்த வீடுகள் எத்தனை! அவ்வீடுகளின் பொருள்கள் கைமாறிக் கைமாறி இன்னும் எங்கெங்கோ வந்து சேர்ந்தவண்ணமே இருக்கின்றன.

அன்று நூல் எதுவும் அகப்படவில்லை. பாக்குவெட்டிகளுக்கும் பித்தளைச் செம்புகளுக்கும் நடுவே, எண்ணெய் ஊறிய துணித்துண்டொன்றிற் சுற்றியபடி ஒரு சவரக்கத்தி கிடந்தது. மடித்து விரிக்கும் பழைய வகை. பிடி கருங்கொம்பு. விரித்துப் பார்த்தேன். அலகிலே ஆங்காங்கு துருப்புள்ளிகள் இருந்தனவேனும் முதுகு பளபளத்தது. அலகின் அடித்தண்டிலே 'ஷெபீல்ட், இங்கிலாந்து' என ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

பொறிப்பைக் கண்டால் காலத்தை ஆராயாது விடுதல் எம்மனோர்க்கு இயலாது. அமெரிக்காவிலே 1890ஆம் ஆண்டு நிறைவேறிய மக்கின்லி தீர்வைச் சட்டம், அந்நாட்டிற்கு இறக்குமதியாகும் பொருள்களிலே அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என விதித்தது. ஆதலால் நாட்டுப் பெயர் தாங்கிய ஷெபீல்ட் கத்திகள் பெரும்பாலும் அவ்வாண்டுக்குப் பிற்பட்டவை எனக் கொள்வர். என் கற்பனை உடனே வேலைசெய்யத் தொடங்கிற்று. கச்சேரியிலிருந்த வெள்ளைத் துரை ஒருவர் கண்ணாடிமுன் நின்று இதனாற் சவரஞ் செய்வதைக் கண்டேன். மறுகணம் அத்துரை மறைய, தலைப்பாகையும் கோட்டும் அணிந்த பழைய தலைமையாசிரியர் ஒருவர் அவ்விடத்தில் நின்றார். இருவரில் எவருடையதாயினும் எனக்கு உவப்பே.

"என்ன விலை?" என்றேன்.

"ஆயிரத்தைஞ்ஞூறு தாங்கோ, ஐயா."

"ஆயிரம் தரலாம்."

கடைக்காரர் சிரித்தார். "ஐயா, இது சும்மா கத்தியில்லை. ஒரு பரியாரியின்ர பெட்டியோட வந்தது. வீடு வீடாப் போய்ச் சவரம் செய்த மனிசனாம். மற்றச் சாமானெல்லாம் துருப்பிடிச்சுக் கொட்டுண்டு போச்சு. இது ஒண்டுதான் தப்பினது."

அச்சொல் முடியுமுன் என் கை கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டது. வைக்கவேண்டுமென நான் எண்ணவில்லை. கை தானாகவே வைத்தது.

"ஏன் ஐயா, வேண்டாமோ?" என்று கடைக்காரர் கேட்டார். என் கை செய்ததன் காரணத்தை அவர் கண்டுகொண்டாரோ என்ற கூச்சத்தினால், மேலும் பேரம் பேசாது ஆயிரத்தைந்நூறு ரூபாவையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

மூன்று வாரம் அக்கத்தி என் புத்தக அலுமாரியின் மேற்றட்டிலே நிகண்டுகளுக்கு அருகிற் கிடந்தது. அதனைப் பாவிப்பதா, விடுவதா? ஒவ்வொரு காலையும் கண்ணாடிமுன் நிற்கும்போது இவ்வினா எழும். எழுந்ததும், அதனை விடுவதற்குத் தக்க காரணங்களை என் மனம் வரிசையாக எடுத்து நீட்டும்.

முதலாவது காரணம் துரு. இதுபற்றி அறிந்தவர் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். மேலோடிய துரு பெரிய குற்றமன்று, தேய்த்துப் போக்கலாம். ஆனால் துரு அலகின் விளிம்பிலே குழியாக இறங்கியிருந்தால், தீட்டுந்தோறும் விளிம்பு பொடிந்து போகும். வெடிப்பு உள்ள அலகு எவ்வாற்றானும் கொள்ளத்தக்கதன்று. இவற்றோடு தேய்வின் ஒழுங்கையும் நோக்குதல் வேண்டும். இக்கத்தியின் முதுகு அழகுக்காகத் தடித்திருப்பதன்று. கல்லிலே கத்தியைக் கிடையாக வைக்கும்போது முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லைத் தொடும். தீட்டும் கோணத்தை அம்முதுகே காக்கின்றது. முதுகும் விளிம்பும் ஒரு சீராகத் தேய்ந்த கத்தி இன்னும் பலகாலம் உழைக்கும். ஒரு பக்கம் மிகத் தேய்ந்தது உழையாது.

இரண்டாவது காரணம் நோய். என்னிடம் படித்து வைத்தியரான ஒருவரை இதுபற்றி வினவினேன். ஈரலழற்சியை உண்டாக்கும் பி வைரசு உடம்புக்கு வெளியே ஏழு நாளேனும் உயிர்ப்போடு இருக்கவல்லது. ஆகையால் இன்று ஒருவர் பாவித்த கத்தியை நாளை மற்றொருவர் பாவித்தல் பேராபத்து. பல்லாண்டு பெட்டியிற் கிடந்த கத்தியில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியின் வித்திகளோ வேறுவகை. அவை நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். வெறுங் கொதிநீரும் மதுசாரமும் அவற்றைக் கொல்லும் என நம்பலாகாது. வைத்தியசாலைகளிற் செய்வதுபோல, அமுக்க நீராவியிலே 121 பாகை செல்சியசில் 15 நிமிடத்துக்குக் குறையாது வைத்தல் வேண்டும். நெருப்பிலே நேரே காட்டுவது மடமை. ஏறத்தாழ 200 பாகையைக் கடந்தால் உருக்கின் பதம் இளகி, கத்தி வெறுந் தகடாகிவிடும். "பிடியைக் கழற்றி அலகை மட்டும் கொண்டு வாருங்கோ, சேர். நான் செய்து தாறன்" என்றார் அவர். ஆக, இரண்டாவது காரணமும் போயிற்று.

மூன்றாவது காரணம் பழக்கமின்மை. இளமை முதல் நான் பாவித்தது காப்புச் சவரக்கருவியே. அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெற் என்பவரின் நிறுவனம் அதனை விற்கத் தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விலைப்பட்டவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே என்பர். முதலாம் உலகப் போரிலே அமெரிக்கப் படைவீரர் கைக்கு அது சென்றதன்பின், உலகெங்கும் ஆடவர் தம் முகத்தைத் தாமே மழிக்கக் கற்றனர். தீட்டவேண்டியதில்லை, தேய்ந்ததும் எறிந்துவிடலாம். சவரக்கத்தியோ கற்றுக்கொள்ள வேண்டிய கலை. ஆனால் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன், கற்கவேண்டியிருக்கிறதே என்று ஒரு பொருளை விலக்கலாமா?

மூன்று காரணங்களும் கழன்றன. கத்தியோ மேற்றட்டிலிருந்து இறங்கவில்லை. அப்பொழுதுதான் நாலாவதொன்று உள்ளது என்பதை நான் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளைத் துரையின் கன்னத்தில் ஓடிய கத்தி என எண்ணியபோது, அத்துரைக்கு என்ன நோய் இருந்ததோ என்று நான் கேட்கவில்லை. பரியாரியின் பெட்டியிலிருந்தது எனக் கேட்டபின்னரே கிருமிகள் என் நினைவிற்கு வந்தன. கிருமிக்குத் துரையும் பரியாரியும் ஒன்று. எனக்கு அல்லர் போலும்.

என் இளமையிலே, 1970களின் நடுப்பகுதியில், எங்கள் வீட்டுக்கு ஒரு பரியாரியார் வருவார். என் பாட்டனாரிலும் மூத்தவர். முன்படலையால் வரமாட்டார். வேலிக்கரையால் வந்து, பின்வளவிலே பலாமரத்தின் கீழ்க் குந்தியிருப்பார். பாட்டனார் பலகையில் அமர்ந்து தலையை அண்ணாந்து கொடுக்க, அவர் இடக்கை விரலால் தோலை இழுத்துப் பிடித்து, கழுத்தின் நரம்பு துடிக்கும் இடத்திலே கத்தியை மெல்ல ஓட்டுவார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்து நிற்பேன். ஒரு துளி இரத்தம் கண்டதில்லை. வேலை முடிந்ததும் தேநீர் சிரட்டையில் வரும். பாட்டனார் கிணற்றடியில் முழுகியபின்னரே வீட்டுக்குள் வருவார். ஏழு வயதுச் சிறுவனாகிய நான் அம்முதியவரை, "நீ எப்ப வந்தனி?" என்று கேட்பேன். ஒருவரும் என்னைத் திருத்தியதில்லை. கழுத்தைக் கொடுத்த வீடு கதிரையைக் கொடுக்கவில்லை.

ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலகவழக்கிலே தோன்றிய உயர்வுச்சொல் என்றும், அஃது இலக்கணநெறியன்று என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே கூறுவர். இதனை வகுப்பிலே முப்பதாண்டாகப் படிப்பித்து வருகிறேன். சிறுவனாகிய நான் அம்முதியவரை ஒருமையில் விளித்தபோது இலக்கணம் வழுவவில்லை, வழுவியது வேறொன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 21ஆம் இலக்கச் சட்டம் 1957ஆம் ஆண்டே இந்நாட்டில் நிறைவேறியிருந்தது. அது எங்கள் பலாமரத்தடி வரை வந்து சேர்ந்திருக்கவில்லை.

சொல் வழியாகச் சிந்திப்பது என் வழக்கம். சவரம் என்பது க்ஷௌரம் என்னும் வடசொல்லின் திரிபு. நாவிதன் என்பது நாபிதன் என்பதன் திரிபு. ஆனால் யாழ்ப்பாணத்தார் வழங்கிய சொல் பரியாரி. அது பரிகாரி, நோய்க்குப் பரிகாரஞ் செய்பவன். நாட்டு வைத்தியரையும் முகம் மழிப்பவரையும் இவ்வூர் ஒரே சொல்லால் அழைத்தது. கட்டியைக் கீறிய கையும் கன்னத்தை மழித்த கையும் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தமைக்கு அச்சொல்லே சான்று. சொல் உயர்ந்ததாய் நிற்க, அச்சொல்லுக்குரியவரைப் பின்வளவிலே இருத்தினோம்.

இன்னொரு சொல் இதனினும் கூரியது: தீட்டு. வினையாய் நின்றால் கூராக்குதல். பெயராய் நின்றால் தீண்டலால் வரும் மாசு. வகுப்பறையிலே இவற்றை இருவேறு பொருளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறிக் கடந்து போனவன் நான். அலுமாரியின் முன் நின்ற அன்றுதான் அவை என்னை நோக்கி வினாவின: கத்தியைத் தீட்டப்போகிறாயா, தீட்டென்று ஒதுக்கப்போகிறாயா?

ஷெபீல்ட் என்னும் பெயரால் அக்கத்திக்கு நான் கொடுத்த மதிப்பையும் இங்கே ஆராய்தல் தகும். அந்நகரின் புகழ், 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர் மூசையில் உருக்கு வார்க்கும் முறையைக் கண்டதனால் ஓங்கிற்று. ஆனால் மூசையிலே உருக்குச் செய்யும் வித்தை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே வழங்கியது. பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட அவ்வுருக்கை ஆராய்ந்து, ஜோர்ஜ் பியர்சன் 1795ஆம் ஆண்டு றோயல் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். 'வூற்ஸ்' என அவர்கள் எழுதிய பெயர் உருக்கு என்னும் பொருள்தரும் 'உக்கு' என்ற கன்னடச் சொல்லின் சிதைவு என்பர். கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்ரோடாட் அவ்வுருக்கை வியந்தார். அவரும் மைக்கேல் பரடேயும் கூடி அதனைப்போல் ஒன்று ஆக்க முயன்று, 1820, 1822ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டனர். பின்னாளில் மின்னியலிற் புகழ்பெற்ற பரடே, தம் உருக்கினாற் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்தாராம். நம் நாட்டுக் கொல்லர் உருக்குச் செய்த முறையை ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே பதிந்து வைத்தார். சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளிலே பருவக்காற்றினால் இயங்கிய பழைய உலைகளைப்பற்றி ஜில் ஜூலெவ் 1996ஆம் ஆண்டு உலகறிய எழுதினார். அவ்வுலைகளில் நின்ற கொல்லருள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியாது. பொறித்த பெயரை மதித்தேன். பொறிக்கப்படாத கைகளை மறந்தேன். கடையிலே நிகழ்ந்ததும் இதுவே.

மறுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு நகரத்தின் ஒடுங்கிய தெருவொன்றிலுள்ள சலூனுக்குப் போனேன். அங்கே மகன் வேலைசெய்ய, எண்பதை அணுகிய தந்தையார் மூலையிற் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இக்காலத்துச் சலூன்களிலே முழுக்கத்தி இல்லை. ஒருவருக்கொரு புதிய அலகைப் பாதியாய் முறித்துப் பிடியிற் செருகிப் பாவித்து எறிந்துவிடுகின்றனர். நோய் பரவாதிருக்க அதுவே தக்க முறை. ஆகையால் என் கத்தியைக் கண்டதும் அம்முதியவரின் கண்கள் விரிந்தன.

"ஐயா, இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?" என்றேன்.

அவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முதுகை நகத்தால் தட்டிக் காதோடு வைத்துக் கேட்டார். பெருவிரல் நகத்தின்மேல் விளிம்பை வைத்து மெல்ல இழுத்தார். ஏட்டுச்சுவடியைக் கையிலெடுத்த முதியவர் எவரும் அவ்வளவு அமைதியாக அதனைப் பார்த்ததை நான் கண்டதில்லை.

"வெடிப்பில்லை. துரு மேலைதான், விளிம்புக்குப் போகேல்லை" என்றார். பின் சற்றுத் தாமதித்து, "ஆற்றையோ நல்ல கை, ஐயா. ரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேய்ஞ்சிருக்கு. எத்தினையோ வரிசம் பாவிச்சிருக்கிறார். ஒரு நாளும் அவசரப்படேல்லை" என்றார்.

எழுத்தின் சரிவை நோக்கி ஏடெழுதியவனின் கையை நாம் அறிவதுபோல, தேய்வை நோக்கி அவர் ஒரு மனிதரை அறிந்துகொண்டார். அப்பரியாரியாரைப்பற்றி நான் கேட்ட முதலாவது நற்சொல் அது.

பிடியின் ஆணிகளை அவரே தட்டிக் கழற்றினார். அலகு வைத்தியரிடம் சென்று நீராவியிற் கிடந்து மீண்டது. அதன்பின் நாலு நாள் முதியவர் அதனை வைத்திருந்தார். முதலிற் சற்றுப் பரிய கல், பின் மென்கல், இறுதியில் தோல்வார். கல்லிலே விளிம்பு முன்செல்லும். தோலிலே முதுகு முன்செல்லும். மாறினால் தோல் அறுபடும், விளிம்பும் மழுங்கும் என விளக்கினார். தீட்டி முடித்த கத்தி, அவர் முன்கை மயிரை ஓசையின்றிக் களைந்தது.

"ஐயாவே பாவிக்கப் போறியளோ?"

"ஓம். ஆனா எனக்குத் தெரியாது. நீங்கள்தான் வீட்டை வந்து காட்டித் தரவேணும்."

அவர் உடனே விடை சொல்லவில்லை. கத்தியை மடித்தார்; துணியிற் சுற்றினார். பின், என் முகத்தைப் பாராமலே, "எந்தப் படலையாலை வரவேணும்?" என்று கேட்டார்.

அவர் குரலிலே கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்றைக் கேட்பவர்போலவே கேட்டார். அதனாலேதான் அது என்னை அறுத்தது.

"முன்படலையாலை, ஐயா" என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை வந்தார். வெள்ளை வேட்டியும் மடிப்புக் குலையாத சட்டையும். முன்விறாந்தையிலே இரண்டு கதிரைகள் போட்டிருந்தேன். ஒன்றில் அவர் சற்று நுனியில் அமர்ந்தார். பேசிப் பேசித்தான் பின்னே சாய்ந்தார். தெருவிலே போனவர் சிலர் திரும்பிப் பார்த்தனர். அவர் எழுந்து நின்று, என் கன்னத்தைச் சுடுநீர்த் துணியால் நனைத்து, நுரை பூசி, இடப்பக்கத்தை மழித்துக் காட்டினார். கத்தி முகத்துக்குச் சரிவாக, முப்பது பாகையளவில் நிற்க வேண்டும்; கை அழுத்தலாகாது; கத்தியின் பாரமே போதும்; இடக்கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆணை எதுவுமில்லை. "இப்பிடிப் பாருங்கோ" என்பது ஒன்றுதான். வலப்பக்கத்தை என் கையிற் கொடுத்தார். இருமுறை கீறிக்கொண்டேன். "முதல் நாளைக்குக் கன்னம் போதும், ஐயா. கழுத்துக்கு அவசரமில்லை" என்று சொல்லி, கழுத்தைத் தாமே முடித்தார். கழுத்திலே அவர் கத்தி ஓடியபோது நான் மீண்டும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

தேநீர் கொண்டுவர நான் எழுமுன், என் தாயாரே இரண்டு கோப்பைகளோடு வந்தார். அவருக்கும் எண்பதாகிறது. கோப்பையை அவர் முன்னே வைத்துவிட்டு ஒன்றும் பேசாது நின்றார். பின், "உங்கடை தேப்பனார் ஆர்?" என்று கேட்டார். முதியவர் சொன்னார். தாயார், "ஓம், ஓம், நல்ல மனிசன். என்ரை கலியாணத்துக்கும் வந்தவர்" என்றார். வந்தவர் எங்கே நின்றார் என்பதை மூவரும் அறிவோம், ஒருவரும் சொல்லவில்லை.

அவர் முன்படலையால் விடைபெற்றுப் போனபின் நான் வீட்டுக்குள் நுழையப் போனேன். உள்ளிருந்து தாயாரின் குரல் வந்தது: "தம்பி, குளிக்கேல்லையோ?"

எழுபது ஆண்டுப் பழக்கம் ஒரு கோப்பைத் தேநீரிலே கரைந்துவிடும் என நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று வாரம் ஒரு கத்தியை மேற்றட்டில் வைத்திருந்தவன் அவரைக் குறைகூறத் தகுதியற்றவன்.

"பின்னேரம் குளிக்கிறன், அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

இப்பொழுது அக்கத்தி என் மேசையிலே இருக்கிறது. கிழமையிலே இருநாள் பாவிக்கிறேன், வேறெவர்க்கும் கொடுப்பதில்லை. பாவித்தபின் துடைத்து உலர்த்தி, எண்ணெய் பூசி வைக்கிறேன். மாதத்துக்கொருமுறை அம்முதியவர் முன்படலையால் வந்து அதனைத் தீட்டித் தருகிறார்.